நாத்தனாருக்கு வாங்கிய எல்வி பை: சொல்லிவிடவா, அப்படியே கொடுத்துவிடவா?

செம்பவாங் சித்ரா | #1

எல்லாருக்கும் வணக்கம். நான் பெரும்பாலும் சமையல் பக்கம்தான் தலைகாட்டுவேன். இன்றைக்கு வேறு சங்கடம்.

போன தீபாவளிக்குத் திருச்சி போயிருந்தபோது என் வீட்டுக்காரரின் அக்கா தனியாகக் கூப்பிட்டு என் கையில் 10,000 ரூபாயை வைத்தார். "பெரியவ கல்யாணத்துக்கு எனக்கு ஒரு நல்ல பை வேணும். பழுப்பு நிறத்துல பூப் போட்டு, நடுநடுவுல எல், வின்னு எழுத்து இருக்குமே, அது. நீ சிங்கப்பூர்லயே வாங்கிடும்மா, இங்க எல்லாம் டூப்ளிகேட்டு" என்றார்.

அவர் சொன்னது எல்வி, அதாவது லூயி வித்தோன் என்ற பிரெஞ்சு நிறுவனத்தின் பை. அங்கேயே விலையைச் சொல்லியிருக்க வேண்டும். ஆர்ச்சர்ட் ரோட்டில் அது இரண்டாயிரம் வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) மேல், ரூபாயில் லட்சத்தைத் தாண்டும். வாய் வரவில்லை. சொன்னால், மீதியை அவரே போட வேண்டும் என்று நான் குத்திக்காட்டுவதாக நினைப்பார். நானே போடலாம் என்றால் என்னிடம் அவ்வளவு இல்லை. சரி அண்ணி என்று தலையாட்டிவிட்டேன்.

மார்ச் விடுமுறையில் பிள்ளைகளோடு கோலாலம்பூர் போனோம். போலிச் சாமானுக்குப் பேர்போன பெட்டாலிங் ஸ்திரீட்டில் ஒரு பையன் பிளாஸ்டிக் உறை போட்ட படப் புத்தகத்தை நீட்டினான். விரலை வைத்துக் காட்டினேன். 280 ரிங்கிட் என்றான், திரும்பி நடந்தேன், 150க்கு இறங்கினான். ஏறக்குறைய 45 வெள்ளி. அந்தப் பை அவன் கடையிலேயே இல்லை. எங்கேயோ ஓடிப் போய், பத்து நிமிடத்தில் கறுப்புக் குப்பைப் பையில் சுற்றி எடுத்து வந்தான். ஏதோ திருட்டுச் சாமான் வாங்குகிற மாதிரி எனக்குக் கை நடுங்கியது. என் மகள் பக்கத்தில் நின்று கண்ணிமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பை இப்போது அலமாரியில் இருக்கிறது. ஜூன் விடுமுறையில் திருச்சி போகிறோம். விமான நிலையத்தில் பிடிப்பார்களா? அதைவிட, அண்ணியிடம் உண்மையைச் சொல்வதா வேண்டாமா? வீட்டுக்காரரைக் கேட்டால், "பை பைதானே" என்கிறார்.

புக்கிட் பாத்தோக் பாலா | #2

உங்க வீட்டுக்காரர் சொல்வதே என் கட்சியும். பேசாமல் கொடுத்துவிடுங்கள். கல்யாண மண்டபத்தில் எவர் பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டு பையைப் பார்க்கப் போகிறார்? பட்டுப்புடவையும் நகையும் பார்க்கவே நேரம் போதாது.

தேக்கா மாமா | #3

சித்ரா, உன் கதையைப் படித்ததும் எனக்குப் பழைய ஞாபகம். எழுபதுகளின் கடைசியில் நான் ஊருக்குப் போகும்போது பெட்டியில் என்ன இருக்கும் தெரியுமா? கோடாலித் தைலம், டைகர் பாம், நைலான் புடவை, ஒரு கைக்கடிகாரம். அந்தக் கைக்கடிகாரம் பத்து வெள்ளி. இங்கே பாசார் மாலாம் என்று பேட்டைக்குப் பேட்டை இரவுச் சந்தை போடுவார்கள். கார்பைடு விளக்கு, தார்ப்பாய், கீழே பெட்டி நிறைய கடிகாரம். எல்லாவற்றிலும் பெரிய பெரிய சுவிஸ் பேர். ஆர்ச்சர்ட் ரோட்டிலேயே சில கடைத்தொகுதிகளில், வாசலில் நிற்கும் ஆள், "காப்பி வாட்ச், காப்பி வாட்ச்" என்று காதருகே முணுமுணுத்துக்கொண்டே கூட நடப்பான். இன்றைக்குச் சிங்கப்பூரில் அப்படி ஒருவன் நடந்தால் அடுத்த நாள் கம்பிக்குப் பின்னால் இருப்பான். அப்போது நிலைமை வேறு.

என் மச்சான் அந்தக் கடிகாரத்தைப் பதினைந்து வருடம் கட்டினார். ஓடியது எட்டு மாதம். மீதிக் காலம் ஓடாமலே கட்டியிருந்தார். "சிங்கப்பூர் வாட்ச்" என்று சொல்லிக்கொள்ளத்தான். சென்னையில் பர்மா பஜாருக்குப் போனால் அதே சாமான் கிடைத்திருக்கும். ஆனால் அங்கே வாங்கியது என்றால் எவரும் நம்ப மாட்டார்கள், நான் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தால் நம்பினார்கள். அது போலி என்று நான் கடைசிவரை சொல்லவில்லை. மச்சான் போய்ச் சேர்ந்து ஆறு வருடம் ஆகிறது. அதனால் பாலா சொல்கிற மாதிரி "பை பைதானே" என்று என்னால் சொல்ல முடியவில்லை, அவ்வளவுதான்.

குவீன்ஸ்டவுன் குமரன் | #4

பிடிப்பார்களா என்ற கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன். மற்றது குடும்ப விஷயம், அதில் நான் தலையிடவில்லை.

சிங்கப்பூரில் வணிகக் குறிச் (டிரேட்மார்க்) சட்டம் 49வது பிரிவு. போலிக் குறி பொறித்த பொருளை விற்பது, விற்பனைக்கு வைப்பது, வியாபாரத்துக்காக இறக்குமதி செய்வது, வியாபாரத்துக்காகக் கையில் வைத்திருப்பது, இவை குற்றம். "வியாபாரத்துக்காக" என்ற சொல்லைக் கவனியுங்கள். சித்ரா அக்கா ஒரு பையை வாங்கித் தன் நாத்தனாருக்குக் கொடுப்பது இதில் வராது. இந்தியாவிலும் 2007இல் வந்த சுங்க விதி, பயணிகள் பெட்டியில் சொந்த உபயோகத்துக்குக் கொண்டுபோகும் வணிகம் சாராத பொருளை விட்டுவிடுகிறது. ஒரே மாதிரி ஐந்து பை இருந்தால் அதிகாரி நம்ப மாட்டார், அது வேறு.

எல்லா ஊரிலும் இப்படி இல்லை. இத்தாலியில் 2005இலிருந்து வாங்குபவருக்கே அபராதம் உண்டு, 7,000 யூரோ வரை போகலாம். பிரான்சில் போலிப் பொருளைக் கையில் வைத்திருந்தாலே சுங்கத்துறை பிடுங்கிக்கொண்டு அபராதமும் போடும். ஐரோப்பாவுக்குச் சுற்றுலா போகிறவர்கள் அந்த மாதிரிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போகாமல் இருப்பது நல்லது.

ஜாலான் புசார் ஆயிஷா | #5

குமரன் தம்பி சொல்வது உண்மை. ரோமில் எங்கள் சுற்றுலா வழிகாட்டி பேருந்திலிருந்து இறங்கும்போதே சொல்லிவிட்டார், தெருவில் பை வாங்கினால் உங்கள் பாடு என்று.

அங்கே விற்கிற விதத்தைப் பார்க்க வேண்டும். பெரிய வெள்ளைத் துணியைத் தரையில் விரித்து இருபது முப்பது பையை வரிசையாக அடுக்கியிருப்பார்கள். துணியின் நாலு மூலையிலும் கயிறு. நாலு கயிறும் விற்பவர் கையில். பெரும்பாலும் ஆப்பிரிக்காவிலிருந்து வந்த பையன்கள். ஒருவன் நிற்கிறான், ஒருவன் தெருமுனையைப் பார்க்கிறான். அங்கிருந்து ஒரு விசில், அவ்வளவுதான். கயிற்றை இழுத்தால் துணி மூட்டையாகிவிடும், தோளில் போட்டுக்கொண்டு ஓட்டம். எங்கள் குழுவில் ஒரு அம்மா 30 யூரோ கொடுத்துவிட்டு மீதி வாங்க நின்றிருந்தார். பையும் போனது, மீதியும் போனது. ஸ்பெயினில் பார்சிலோனா கடற்கரையிலும் இதே காட்சி. அந்தப் பையன்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரவில்லை, பாவமாகத்தான் இருந்தது.

பொங்கோல் பிரியா | #6

ஆஹா, நல்ல நேரத்தில் வந்தது இந்த இழை. நான் அடுத்த மாதம் பேங்காக் போகிறேன். ஒரு பத்துப் பை எடுத்து வந்து தீபாவளி நேரத்தில் எங்கள் அடுக்குமாடி புளோக் வாட்ஸ்அப் குழுவில் போடலாம் என்று நினைத்தேன். "சூப்பர் ஏ" காப்பி என்று சொல்லியே விற்பேன், ஒரிஜினல் என்று ஏமாற்ற மாட்டேன். அது தப்பில்லையே?

குவீன்ஸ்டவுன் குமரன் | #7

பிரியா அக்கா, தயவுசெய்து வேண்டாம்.

போலி என்று சொல்லியே விற்றாலும் குற்றம் குற்றம்தான். வாங்குபவரை ஏமாற்றினீர்களா என்பது இங்கே கேள்வியே இல்லை, அந்தக் குறிக்குச் சொந்தக்காரர் ஒருவர் இருக்கிறார். ஒரு பொருளுக்கு 10,000 வெள்ளி வரை அபராதம், மொத்தமாக ஒரு லட்சம் வெள்ளி வரை. ஐந்து வருடம் வரை சிறை. இரண்டும் சேர்ந்தும் வரலாம். பத்துப் பை என்றீர்களே, பத்தைப் பத்தாயிரத்தால் பெருக்கிப் பாருங்கள்.

அபராதத்தோடும் முடியாது, நிறுவனம் தனியாகச் சிவில் வழக்குப் போடலாம். 2025இல் இங்கே உயர் நீதிமன்றத்தில் அப்படி ஒரு தீர்ப்பு வந்தது. இன்ஸ்டாகிராமில் கைப்பேசி உறை விற்ற ஒருவர், பழைய அசல் எல்வி பொருளை வெட்டித் தைத்தது என்று சொல்லி விற்றார். நிறுவனம் 29 லட்சம் வெள்ளி கேட்டது. நீதிபதி அவ்வளவு கொடுக்கவில்லை, இரண்டு லட்சம் வெள்ளி கட்டச் சொன்னார். அவர் பெரிய கிடங்கு வைத்த ஆளில்லை, தனி ஆள்.

பொங்கோல் பிரியா | #8

ஐயோ. சரி, பேங்காக்கில் வெறும் துணிமணி மட்டும்.

ஊசிநூல் | #9

இழையைக் கொஞ்ச நாளாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் செருப்பு, பை தைத்துக் கொடுப்பவன். இருபத்திரண்டு வருடமாக இதே வேலை. முதலில் ஐந்தடியில், அதாவது கடைகளுக்கு முன்னால் இருக்கும் நடைபாதையில், ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன், இப்போது சின்ன கடை. அசலும் வரும், காப்பியும் வரும். வாடிக்கையாளர் கேட்காமல் நான் எதையும் சொல்வதில்லை. கேட்டாலும் நேராகச் சொல்வதில்லை, "நல்லா வச்சிருக்கீங்க" என்பேன். வீட்டுக்காரர் பரிசாகக் கொடுத்ததாக இருக்கும், எதற்கு வம்பு?

சித்ராம்மா, உங்கள் பையை நான் பார்க்கவில்லை. ஆனால் 45 வெள்ளிப் பை எப்படி இருக்கும் என்று தெரியும்.

பலருக்குத் தெரியாத ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்தப் பழுப்புப் பூப் போட்ட அசல் பையின் உடம்பு தோல் கிடையாது. துணிதான், மேலே பிளாஸ்டிக் பூச்சு. இரண்டாயிரம் வெள்ளி கொடுத்தாலும் அதுதான். கைப்பிடியும் ஓரப்பட்டையும்தான் தோல். சாயம் ஏற்றாத மாட்டுத்தோல், புதிதில் வெளிறிய சந்தன நிறத்தில் இருக்கும். கை வியர்வையும் வெயிலும் பட்டுப் பட்டு இரண்டு மூன்று வருடத்தில் தேன் நிறம், அப்புறம் டீ நிறம். மழைத்துளி பட்டால் அப்படியே கறை நிற்கும். அதனால் அசல் பை வைத்திருப்பவர்கள் மழையில் பையைக் கக்கத்தில் மறைத்துக்கொண்டு ஓடுவதைப் பார்க்கலாம். காப்பியில் கைப்பிடி பெரும்பாலும் பியூ என்கிற செயற்கைத் தோல். பத்து வருடம் வைத்தாலும் நிறம் மாறாது. ஆனால் பத்து வருடம் தாங்காது.

தாங்காததற்குக் காரணம் நம் ஊர் ஈரக்காற்று. பியூ ஈரத்தைக் குடித்துக் குடித்து உள்ளுக்குள் உடைந்துபோகும். உபயோகிக்காமல் அலமாரியில் வைத்தாலும் இரண்டு மூன்று வருடத்தில் பிசுபிசுக்கும், அப்புறம் கருவாட்டுத் தோல் மாதிரி உரியும். தொட்டால் கையில் ஒட்டும். என்னிடம் கொண்டுவந்து, "அண்ணே, இதை ஒட்டித் தாங்க" என்பார்கள். ஒட்ட அங்கே என்ன இருக்கிறது? ஆனால் ஒரு எச்சரிக்கை, பிசுபிசுத்தாலே காப்பி என்று முடிவு கட்டாதீர்கள். பழைய அசல் பைகளிலும் உள்பையின் பூச்சு இப்படி ஒட்டுவதைப் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் தையல். கைப்பிடி உடம்போடு சேரும் இடத்தில் ஒரு சின்ன தோல் பட்டை இருக்கும். இடது பக்கம் எத்தனை தையலோ, வலது பக்கமும் அத்தனை. எல்லாத் தையலும் ஒரே சாய்வு. காப்பியில் ஒரு பக்கம் ஐந்து, மறுபக்கம் ஆறு என்று வந்து நிற்கும், மூலை திரும்பும் இடத்தில் நூல் முட்டிக்கொள்ளும். கொக்கியைக் கையில் எடுத்துப் பாருங்கள். நல்ல பித்தளை கனக்கும், சில்லென்று இருக்கும். முலாம் பூசிய மட்டமான உலோகம் தக்கை மாதிரி.

உள்ளே எண் அச்சடித்திருக்கிறது, அதனால் அசல் என்று சிலர் வாதாடுவார்கள். தையலையே காப்பி அடிப்பவனுக்கு எண் அச்சடிக்கத் தெரியாதா? அந்த நிறுவனமே 2021இல் எண்ணை விட்டுவிட்டு உள்ளே சிப் வைக்க ஆரம்பித்துவிட்டது.

இதில் ஒரு வேடிக்கை. அந்தப் பூவும் எழுத்தும் எப்படி வந்தது தெரியுமா? லூயி வித்தோனின் பெட்டிகளை மற்றவர்கள் காப்பி அடிக்கிறார்கள் என்று அவர் மகன் 1896இல் உருவாக்கிய கோலம் அது. காப்பி அடிக்க முடியாதபடி சிக்கலாக இருக்கட்டும் என்று போட்டார்கள். இன்றைக்கு உலகத்தில் அதிகமாகக் காப்பி அடிக்கப்படும் கோலங்களில் அதுவும் ஒன்று.

தெம்பனிஸ் தேவி | #10

ஊசிநூல் அண்ணே, உங்களைப் போல ஒருவரிடம் நான் முன்பே போயிருந்தால் 680 வெள்ளி பிழைத்திருக்கும்.

இணையத்தில் ஒரு பெண்மணி, "ஒருமுறைதான் உபயோகித்தது, பாரிஸில் வாங்கியது" என்று ரசீதோடு விற்றார். எம்ஆர்டி ரயில் நிலையத்தில் சந்தித்தோம். பேச்சு அவ்வளவு மரியாதை, பையை மஞ்சள் துணி உறையில் வைத்து இரண்டு கையாலும் கொடுத்தார். மூன்று மாதத்தில் கைப்பிடி ஓரத்தில் பூசிய சாயம் வெடித்தது. அப்புறம்தான் ரசீதை உற்றுப் பார்த்தேன், அதில் இருந்த பையின் அளவே வேறு.

பெட்டாலிங் ஸ்திரீட்டில் 45 வெள்ளி கொடுப்பவருக்குத் தான் என்ன வாங்குகிறோம் என்று தெரியும். எனக்குத் தெரியாது. இரண்டும் ஒன்றா?

சிறு உரிமைகோரல் நடுவர் மன்றத்துக்குப் போனேன். 20,000 வெள்ளி வரை அங்கே கேட்கலாம், வழக்கறிஞர் வைக்கக் கூடாது, நாமேதான் பேச வேண்டும். குறுஞ்செய்திகளை எல்லாம் வரிசையாக அச்செடுத்துக்கொண்டு போயிருந்தேன். அந்த அம்மா மன்றத்துக்கு வெளியிலேயே காசைத் திருப்பிக் கொடுத்துவிட்டார், முகத்தைப் பார்க்கவில்லை. பையைத் திருப்பிக் கேட்டார், கொடுத்தேன். அடுத்த வாரம் வேறு பேரில் அதே பை விற்பனைக்கு வந்திருந்தது. அப்போதே புகார் கொடுத்திருக்க வேண்டும், அலுத்துப்போய் விட்டுவிட்டேன். நான் செய்த தப்பு அது.

புக்கிட் பாத்தோக் பாலா | #11

எல்லாரும் ஏன் அந்தப் பணக்காரக் கம்பெனிக்கு வக்காலத்து வாங்குகிறீர்கள்? துணியில் பிளாஸ்டிக் பூசி இரண்டாயிரம் வெள்ளி என்று ஊசிநூல் அண்ணனே சொல்கிறார். அது மட்டும் என்ன நியாயம்?

தேக்கா மாமா | #12

பாலா, கம்பெனி கணக்கை விடப்பா. அவர்கள் தங்கள் வழக்கறிஞரை வைத்துப் பார்த்துக்கொள்வார்கள். நான் பேசுவது என் மச்சானைப் பற்றி.

மன்னார்குடி பையன் | #13

அண்ணன்களுக்கும் அக்காக்களுக்கும் வணக்கம். நான் இங்கே கட்டட வேலை பார்க்கிறேன். துவாஸ் பக்கம் விடுதியில் இருக்கிறேன். எழுதலாமா வேண்டாமா என்று யோசித்துத்தான் எழுதுகிறேன்.

2023இல் ஊருக்குப் போகும் முன், ஞாயிற்றுக்கிழமை தேக்கா பக்கம் ஒரு சந்தில் பாய் விரித்து விற்றவரிடம் என் மனைவிக்கு ஒரு பை வாங்கினேன். 15 வெள்ளி. கறுப்பு நிறம், தங்க நிறச் சங்கிலி, பெரிய இத்தாலிக் கம்பெனி பேர். விடுதிக்கு வந்ததும் நண்பன் பார்த்துச் சிரித்தான். பேரில் ஒரு எழுத்து குறைகிறதாம். எனக்கு அதெல்லாம் தெரியாது.

வீட்டில் அவள் வாங்கிப் பார்த்தாள். பேரைப் பார்க்கவே இல்லை. உள்ளே எத்தனை அறை என்று ஒவ்வொரு ஜிப்பாகத் திறந்து எண்ணினாள். நாலு அறை. ஒன்றில் ரேஷன் அட்டை, ஒன்றில் குழந்தையின் தடுப்பூசி அட்டை, ஒன்றில் பேங்க் புத்தகம், ஒன்றில் என் பழைய பாஸ்போர்ட் நகல். பேங்க்குக்குப் போனால் அந்தப் பைதான் போகும். போன மாதம் வீடியோ காலில் சங்கிலி கறுத்துவிட்டதாகச் சொன்னாள். சங்கிலியைக் கழற்றிவிட்டுச் சேலை முந்தானைக் கிழிசலைத் திரித்துக் கட்டியிருந்தாள், அதைக் காட்டினாள்.

கேள்வி என்னவென்றால், சங்கிலி மட்டும் தனியாக எங்கே கிடைக்கும்?

ஊசிநூல் | #14

தம்பி, சங்கிலிக்குக் கடை தேட வேண்டாம். அடுத்து ஊருக்குப் போகும் முன் என்னிடம் வா, தனிச்செய்தியில் இடம் அனுப்புகிறேன். துருப்பிடிக்காத எஃகுச் சங்கிலி ஒன்று கிடக்கிறது, பட்டைத் தோலும் கொஞ்சம் தருகிறேன். காசைப் பற்றிப் பேசாதே. பை எவ்வளவு அகலம் என்று மனைவியிடம் கேட்டு எழுதி வை.

செம்பவாங் சித்ரா | #15

மன்னிக்கவும், பதில் போட இரண்டு நாள் ஆகிவிட்டது. எல்லாவற்றையும் படித்தேன். ஊசிநூல் அண்ணன் எழுதியதைப் படித்துவிட்டு நேராக அலமாரிக்குப் போனேன். இடது பக்கம் ஐந்து தையல், வலது பக்கம் ஏழு. என் மகள் கைவிரலால் எண்ணிச் சொன்னாள். எண்ணிவிட்டு, "அத்தை கிட்ட சொல்லுவீங்களா?" என்றாள். பெட்டாலிங் ஸ்திரீட்டில் என் பக்கத்தில் நின்று பார்த்தவள் அவள்தான். அந்தக் கேள்விக்கு அவளிடம் நான் என்ன சொல்வது?

நேற்று இரவு அண்ணிக்குப் போன் போட்டேன். முதலில் விலையைச் சொன்னேன், பிறகு பையைச் சொன்னேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. தொலைக்காட்சியில் ஏதோ தொடர் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

அப்புறம் அண்ணி, "லட்சமா? தோல்கூட இல்லையா?" என்றார். இல்லை அண்ணி, துணி என்றேன். "துணிக்கா?" என்று திரும்பக் கேட்டார். உள்ளே திரும்பி மாமாவிடம், "ஏங்க, துணிப் பை ஒரு லட்சமாம்" என்று கத்தினார். கோபம் முழுவதும் அந்தக் கம்பெனி மேலே போய்விட்டது, எனக்கு உயிர் வந்தது.

"நீ வாங்கினது எவ்வளவு?" என்றார். 45 வெள்ளி, மூவாயிரம் ரூபாய் இருக்கும், மீதி ஏழாயிரத்தைக் கொண்டு வருகிறேன் என்றேன். பையைக் கொண்டுவரச் சொன்னார், கல்யாணத்துக்கு அல்ல, காய்கறி வாங்கப் போக. மீதிக் காசைக் கையில் தர வேண்டாமாம். "அதுக்குக் கோடாலித் தைலமா வாங்கிட்டு வா. கல்யாணத்துக்கு வர்றவங்களுக்கு ஆளுக்கு ஒண்ணு குடுக்கலாம். அதையாவது கடையில பில் போட்டு வாங்கு."

புக்கிட் பாத்தோக் பாலா | #16

தைலம் மொத்தமாக வாங்குவதென்றால் சொல்லுங்க அக்கா, எனக்குத் தெரிந்த கடையில் டஜன் விலைக்குக் கேட்டுப் பார்க்கிறேன். ஒரிஜினல்தான், சத்தியமாக.